வெண்பன்றிக் குட்டிகளின் குடலைப் பாக்டீரியாத் தொற்றிலிருந்து காப்பது: கடலூர், புதுச்சேரி வளர்ப்போருக்கான முழுமையான வழிகாட்டி

குட்டி ஈன்ற மூன்றாம் நாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால், முந்தைய இரவு வரை தாயின் மடியில் முண்டியடித்துக் கொண்டிருந்த பத்துக் குட்டிகளில் இரண்டு மூன்று ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும். வாலின் அடியும் பின்னந்தொடையும் ஈரமாக ஒட்டிக் கிடக்கும். தரையில் மஞ்சளாக, தண்ணீராக ஒரு கறை தெரியும். வெண்பன்றி வளர்க்கும் எவருக்கும் இந்தக் காட்சி ஒருமுறையாவது வாய்த்திருக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் மருந்துக்கடை வாசலில் நிற்போம். அந்தக் குட்டிகளின் குடல் நலம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே, தரையின் ஈரத்திலும் முதல் சில மணி நேரத்துச் சீம்பாலிலும் முடிவாகிவிட்டது என்பதே என் அனுபவம். ஆகவே இவ்வழிகாட்டியில் மருந்து பின்னால்தான் வருகிறது.

குட்டியின் குடலில் நடப்பது என்ன

கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா வெளியூரிலிருந்து வருவதன்று. தாய்ப்பன்றியின் சாணத்திலேயே அது இருக்கிறது. எவ்வளவு சுத்தமான கொட்டகையிலும் ஓரளவு இருக்கும். இவ்வினத்தில் எல்லா வகையும் தீங்கு செய்வதில்லை. உடலின் மேல் நுண்ணிய இழைகள் கொண்ட சில வகைகள் மட்டும் சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு பெருகி, அங்கிருந்து நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு குடல் செல்களைக் கொல்வதில்லை. உடலில் உள்ள நீரையும் உப்புகளையும் குடலுக்குள் கொட்டும்படி அச்செல்களைத் தூண்டிவிடுகிறது. ஒன்றேகால் கிலோ எடையுள்ள குட்டி இப்படி நீரை இழக்கத் தொடங்கினால் ஒரே நாளில் கண் குழிந்து, தோல் சுருங்கி இறந்துபோகும். தொற்றைவிட வறட்சியே குட்டியைக் கொல்கிறது என்பதை இப்போதே மனத்தில் கொண்டால், பின்னால் சொல்லப்போகும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அருமை விளங்கும்.

பிறந்த குட்டிக்குத் தற்காப்பு என்று எதுவும் இல்லை. மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. பன்றியின் நஞ்சுக்கொடி எதிர்ப்புரதங்களைக் கடத்துவதில்லை. சீம்பால் ஒன்றே வழி. அதோடு குட்டியின் இரைப்பையில் அமிலச் சுரப்பும் மிகக் குறைவு. வளர்ந்த பன்றியின் வயிற்று அமிலம் கொன்றுவிடும் பாக்டீரியா, குட்டியின் வயிற்றைக் கடந்து உயிரோடு சிறுகுடலை எட்டிவிடுகிறது.

முதல் படி: ஈனுவதற்கு முன் தாயைத் தயார் செய்தல்

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று கணக்கு வைத்துக்கொள்வது எளிது. இனச்சேர்க்கை நாளைக் குறித்து வைக்காத பண்ணையில் அடுத்து வரும் எந்தப் படியையும் ஒழுங்காகச் செய்ய இயலாது.

ஈனும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். ஈ.கோலைக்கும், கிளாஸ்டிரிடியம் என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவுக்கும் எதிரான தடுப்பூசி உங்கள் பகுதியில் கிடைக்குமானால், கால்நடை மருத்துவர் சொல்லும் கால அட்டவணைப்படி அதைத் தாய்க்கே போட வேண்டும். ஏனெனில் ஊசியால் தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் சீம்பால் வழியாகத்தான் குட்டியை அடைகிறது. ஒரு வாரம் முன்பு தாயைச் சோப்புத் தண்ணீரால், குறிப்பாக மடியையும் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் தேய்த்துக் கழுவி, ஈனும் அறைக்கு மாற்ற வேண்டும். குட்டி வாயில் வைக்கும் முதல் பொருள் அந்தக் காம்புதான். அதில் காய்ந்த சாணம் இருந்தால் சீம்பாலுக்கு முன்பே சாணம் உள்ளே போய்விடும்.

கடைசி மூன்று நாட்களில் அடர்தீவனத்தைக் குறைத்துக் கோதுமைத் தவிடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. மலச்சிக்கலோடு ஈனும் தாய்க்கு மடி கல்லாக இறுகிப் பால் இறங்காமல் போவதுண்டு. பால் கிடைக்காத குட்டி தரையில் தேங்கிய மூத்திரத்தையும் தாயின் தண்ணீர்த் தொட்டியையும் நக்கும். குட்டிக் கழிச்சலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம், தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, மடி சூடாக இருக்கிறதா என்று அனுபவமுள்ள மருத்துவர் முதலில் கேட்பது இதனால்தான்.

இரண்டாம் படி: ஈனும் அறையைக் கழுவி, அதைவிட முக்கியமாகக் காயவைத்தல்

முந்தைய ஈற்றின் சாணத்தை முதலில் தண்ணீர் படாமல் சுரண்டி அள்ள வேண்டும். பிறகு சலவைச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, தென்னை விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவ வேண்டும். தரை நன்றாக உலர்ந்த பின்னரே கிருமிநாசினி தெளிக்க வேண்டும். சாணத்தின் மேல் கிருமிநாசினியை ஊற்றுவது பணத்தைச் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம்; பிளீச்சிங் பவுடர் உள்ளிட்ட பெரும்பாலான கிருமிநாசினிகள் சாணத்தோடு சேர்ந்ததும் தம் வலிமையை இழந்துவிடுகின்றன. கடைசியாகச் சுவருக்கும் தரைக்கும் புதிதாகத் தாளித்த சுண்ணாம்பை அடித்து, ஒரு வாரமேனும் அறையைக் காலியாகப் போட வேண்டும். அந்த ஒரு வாரத்தில் வெயிலும் காற்றும் செய்யும் வேலையை எந்த மருந்தும் செய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு கடலோரத்தில் எதுவும் காயாது. அந்தக் காலத்தில் ஈற்று வரும்படி சேர்க்கையைத் திட்டமிட்டிருந்தால், புரட்டாசி முடிவதற்குள் அறையைக் கழுவிக் காயவைத்துக் கதவைச் சாத்திவிடுவது ஒன்றே வழி.

மூன்றாம் படி: முதல் ஆறு மணி நேரச் சீம்பால்

முதல் குட்டி பிறந்ததிலிருந்தே சீம்பாலில் உள்ள எதிர்ப்புரதத்தின் அளவு மணிக்கு மணி குறைந்துகொண்டே வருகிறது. மறுபுறம் அதை அப்படியே இரத்தத்துக்குள் உறிஞ்சும் குடலின் வாசலும் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் அடைபட்டுவிடுகிறது. ஒரு குட்டிக்கு முதல் நாளில் 200 முதல் 250 மில்லி வரை சீம்பால் கிடைக்க வேண்டும். ஒரு குட்டி கூடுதலாகக் குடித்துவிட்டால் இன்னொன்றுக்குக் குறையும். மொத்த அளவைத் தாயால் கூட்டித் தர இயலாது.

பத்துக்கு மேல் குட்டிகள் பிறந்தால், முதலில் பிறந்து நன்றாகக் குடித்துவிட்ட பெரிய குட்டிகளின் முதுகில் மையால் ஒரு குறி இட்டு, அவற்றை ஒரு பெட்டியில் வெதுவெதுப்பாக ஒன்று, ஒன்றரை மணி நேரம் அடைத்து வைத்துவிட்டு, சிறியவற்றை மடியில் விட வேண்டும். பிறகு மாற்றிவிடலாம். இதற்குக் காசு செலவில்லை. ஓர் இரவுத் தூக்கம் மட்டும் போகும். வயிறு நிறைந்த குட்டியைக் கையில் தூக்கினால் அடிவயிறு இளநீர்க் குரும்பை போலத் திண்ணென்று இருக்கும். குடிக்காத குட்டியின் விலாவுக்குக் கீழே விரலுக்குத் தொளதொளவென்று தட்டுப்படும். வாயில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தால் நாக்கு குளிர்ந்திருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த அத்தகைய குட்டிகளுக்கு, தாய் ஈன்றுகொண்டிருக்கும்போதே காம்பிலிருந்து கறந்த சீம்பாலை ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாக 10 மில்லி வீதம் சிலமுறை மெதுவாகப் புகட்ட வேண்டும்.

தாய்க்குப் பாலே இல்லையெனில், அதே நாளில் குட்டி ஈன்ற வேறொரு தாயிடம் சேர்ப்பது முதல் வழி. அதுவும் இல்லாதபோது பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம். அதில் பன்றிக்கே உரிய எதிர்ப்புரதங்கள் இல்லாவிட்டாலும், உடலுக்குச் சூடும் குடலுக்கு ஓரளவு காப்பும் கிடைக்கும். பக்கத்து வீட்டில் மாடு கன்று போடும்போது கொஞ்சம் வாங்கிச் சிறு பொட்டலங்களாக உறைய வைத்துக்கொள்ளலாம். உருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பொட்டலத்தை வைக்க வேண்டுமே தவிர, அடுப்பில் ஏற்றக் கூடாது. வீட்டில் சீம்பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கித் தின்று பழகிய கை தானாக அடுப்பை நோக்கிப் போகும். அப்படிக் காய்ச்சினால் நாம் தேடும் புரதம்தான் முதலில் அழியும்.

நான்காம் படி: குட்டிக்குச் சூடு, தாய்க்குக் குளிர்ச்சி, தரைக்கு உலர்வு

நம் பகுதியின் உண்மையான சிக்கல் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு தேவை. தாய்க்கு 22 பாகைக்கு மேல் போனாலே தீவனம் குறையும், பால் குறையும். இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். கடலூரில் கத்திரி வெயில் காலத்தில் தாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைக் கண்டு நாம் குழாயைத் திறந்து அறை முழுவதும் தண்ணீர் அடிக்கிறோம். வெளியே 38 பாகை அடிக்கும்போது குட்டிக்குக் குளிர் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஆனால் நனைந்த சிமெண்டுத் தரையில் கடற்காற்றும் பட்டால், மேலே கொழுப்பும் மயிரும் இல்லாத அந்தக் குட்டியின் உடற்சூடு சில நிமிடங்களில் இறங்கிவிடும். குளிர்ந்த குட்டியின் குடல் அசைவு மந்தமாகிறது. பாக்டீரியா வெளியேறாமல் தங்கிப் பெருகுகிறது. குளிர்ந்த குட்டி பால் குடிக்கவும் வருவதில்லை.

நானும் சித்திரை மாதத்தில் நண்பகலில் தாயைக் குளிப்பாட்டி, அறை சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்தவன்தான். தரையின் சரிவு தவறாகப் போடப்பட்டிருந்ததால் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கியிருந்தது. குட்டிகள் படுக்கும் இடமும் அதுவாகவே இருந்தது. மூன்று வகை மருந்து மாற்றியும் அந்த ஈற்றில் பாதியை இழந்தேன். அடுத்த ஈற்றுக்கு முன் ஒரு கொத்தனாரை வைத்துச் சரிவைத் திருத்தி, முதல் பத்து நாட்களுக்கு அறைக்குள் குழாயையே கொண்டுபோகாமல் சாணத்தை மண்வெட்டியால் அள்ளி மட்டும் வந்தேன். அதே தாய், அதே மாதம். மருந்து புட்டி திறக்கப்படவில்லை.

செய்ய வேண்டியது இரண்டு இடங்களை உண்டாக்குவது. தாய்க்கு, தலைக்கு மேலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகக் கழுத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி செய்து, அந்த நீர் குட்டிகள் பக்கம் வராமல் முன்புறமாக வடிய விட வேண்டும். குட்டிகளுக்கு, அறையின் ஒரு மூலையில் நான்கடி நீளமும் இரண்டரையடி அகலமுமாக ஒரு பெட்டி போதும். நம் பக்கத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. கழிகளைக் குறுக்கே கட்டித் தாய் நுழையாதபடி தடுத்து, மேலே பலகை போட்டு, வாயிலில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளே காய்ந்த வைக்கோலை நறுக்கிப் பரப்பினால், ஒரு குண்டு பல்பே அந்த இடத்தைச் சூடாக்கிவிடும். மின்சாரம் போனாலும் வைக்கோலும் சாக்கும் குட்டிகளின் சொந்தச் சூட்டை இரண்டு மணி நேரம் பிடித்து வைக்கும்.

பல்பின் உயரத்தை அளவுகோலால் பார்க்க வேண்டியதில்லை. குட்டிகள் படுத்திருக்கும் விதமே சொல்லும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர். பெட்டியின் ஓரங்களுக்குச் சிதறிப்போய் மூச்சிரைத்தால் சூடு அதிகம். பக்கவாட்டில் வரிசையாகச் சாய்ந்து படுத்திருந்தால் அதுவே சரியான உயரம். இரண்டாம் வாரத்தில் 28 முதல் 30 பாகைக்கு இறக்கலாம்.

ஐந்தாம் படி: கொப்பூழும் இரும்பும்

பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடியை டிங்சர் அயோடினில் தோய்க்க வேண்டும். மூன்றாம் நாளில் இரும்புச் சத்து ஊசி, வழக்கமாக 200 மில்லிகிராம், கழுத்துத் தசையில் போட வேண்டும். குட்டிக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் சுமார் 7 மில்லிகிராம் இரும்பில் தாய்ப்பால் தருவது ஒரு மில்லிகிராம் அளவே. இரத்தம் வெளுத்த குட்டிக்குக் கழிச்சல் எளிதில் வரும், வந்தால் எளிதில் போகாது. ஒரே ஊசியை எல்லாக் குட்டிக்கும் குத்திக்கொண்டே போகாதீர்கள்.

ஆறாம் படி: கழிச்சல் வந்தால் அது எது என்று அறிதல்

எல்லாக் கழிச்சலும் பாக்டீரியாவால் வருவதில்லை என்பதால், குட்டியின் வயதை முதலில் பார்க்க வேண்டும். பிறந்த முதல் நான்கு நாட்களில் தண்ணீராக, வைக்கோல் மஞ்சள் நிறத்தில், வாந்தி அதிகமின்றி வந்தால் ஈ.கோலையை ஐயுறலாம். மூன்று நாட்களுக்குள் இரத்தம் கலந்து செம்பழுப்பாகக் கழிந்து, ஒரே நாளில் குட்டி இறந்தால், அது கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் சி வகையாக இருக்க வாய்ப்பு மிகுதி. இது சுரக்கும் நஞ்சைச் சிதைக்கக்கூடிய டிரிப்சின் என்ற செரிமான நொதியைச் சீம்பாலே தடுத்துவிடுவதால், இந்நோய் நன்றாகக் குடித்த கொழுத்த குட்டியையும் தாக்கும். ஆகவே இந்த ஒரு நோய்க்கு நான் மேலே சொன்ன சீம்பால் நியாயம் மட்டும் போதாது, தாய்க்குத் தடுப்பூசி தேவைப்படும்.

ஐந்து முதல் பதினைந்து நாட்களுக்குள், பற்பசை போலக் குழைவாக மஞ்சளாக வந்து, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காவிட்டால் அது பெரும்பாலும் காக்சிடியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. அதற்கு வேறு மருந்து. பாக்டீரியா மருந்தை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. ரோட்டா வைரசும் இதே வயதில் வரும். தாயிடமிருந்து பிரித்த பிறகு வரும் தண்ணீர்க் கழிச்சல் மீண்டும் ஈ.கோலையின் வேலை. அக்காலத்தில் கழிச்சல் இல்லாமலே கண்ணிமை வீங்கி, குரல் கம்மி, கால் பின்னித் தள்ளாடி நன்றாக வளர்ந்த குட்டி திடீரென்று இறந்தால், அது வேறொரு நஞ்சைச் சுரக்கும் ஈ.கோலையால் வரும் வீக்க நோய். பிரித்த பிறகு காய்ச்சலோடு, நாற்றமடிக்கும் கழிச்சலும் காதிலும் அடிவயிற்றிலும் நீலம் பாய்வதும் தெரிந்தால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை நினைக்க வேண்டும். ஆனால் வைரஸ் நோய்களான பன்றிக் காய்ச்சலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இதே தோற்றத்தில் வருவதால், அந்நிலையில் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020 முதல் நம் நாட்டிலும் இருக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் லிட்மஸ் தாள் ஓர் எளிய துணை. புதிதாக வந்த கழிச்சலில் சிவப்புத் தாளைத் தொட்டால் அது நீலமாக மாறுவது ஈ.கோலைப் பக்கம் சாயும். நீலத் தாள் சிவந்தால், பாலைச் செரிக்க முடியாத நிலை, அதாவது ரோட்டா போன்றவை என்று கொள்ளலாம். இது குறிப்புதான், தீர்ப்பு அன்று. உறுதியாக அறிய, மருந்து எதுவும் கொடுக்காத, நோய் தொடங்கிய குட்டியின் மலமோ, அப்போதுதான் இறந்த குட்டியோ ஆய்வகத்துக்குப் போக வேண்டும். கடலூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும், புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையமும் இருப்பது நம் பகுதியின் நல்வாய்ப்பு. இறந்த குட்டியைப் புதைத்துவிட்டு மருந்தின் பெயரைத் தொலைபேசியில் கேட்பதைவிட, பனிக்கட்டி வைத்த டப்பாவில் போட்டு எடுத்துச்சென்று எங்கே கொடுப்பது என்று கேட்பது மேல்.

ஏழாம் படி: முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது

நஞ்சு நீரை வெளியே தள்ளும் வழியைத் திறந்துவிட்டாலும், குளுக்கோசும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வழி குடலில் சேதமின்றியே இருக்கிறது. அதனால்தான் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இங்கே உயிர் காக்கிறது. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், வழக்கமாக ஒரு லிட்டரில், முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம் பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் கலப்பது ஆபத்து. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் கலக்கி, குட்டிகளின் பெட்டிக்கு அருகில் கவிழாத தட்டையான மண்சட்டியில் வைத்தால் அவையாகவே வந்து நக்கும். நக்க வராத குட்டிக்குச் சிரிஞ்சில் 10 முதல் 20 மில்லி வரை இரண்டு மணிக்கொருமுறை கொடுக்க வேண்டும். காலையில் கலந்ததை மாலையில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. எழ முடியாத, உடல் குளிர்ந்த குட்டிக்கு வாய்வழியாகப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு மருத்துவர் வயிற்றறைக்குள் வெதுவெதுப்பான குளுக்கோஸ் திரவம் செலுத்துவார்.

நோயுற்ற ஈற்றின் அறைக்கு ஒவ்வொரு நாளும் கடைசியாகச் செல்ல வேண்டும். அந்த அறைக்கென்று தனி மண்வெட்டி, தனிச் செருப்பு. கழியும் குட்டியை நல்ல குட்டிகள் உள்ள வேறு தாயிடம் மாற்றும் தவற்றைப் பலர் இரக்கத்தினால் செய்கிறார்கள்.

எட்டாம் படி: ஆன்டிபயாடிக்

எந்த மருந்துக்குப் பாக்டீரியா அடங்கும் என்று காட்டும் உணர்திறன் சோதனை செய்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை, குட்டியின் எடைக்கேற்ற அளவில், சொன்ன நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே கழிச்சல் நின்றதென்று நிறுத்துவதும், மீந்ததை அடுத்த ஈற்றுக்கு எடுத்து வைப்பதும், மனிதர்களின் மாத்திரையைப் பொடித்துப் போடுவதும்தான் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை நம் கொட்டகையில் வளர்த்துவிடுகின்றன. கொலிஸ்டின் என்ற மருந்து ஒரு காலத்தில் குட்டிக் கழிச்சலுக்குத் தாராளமாகப் புழங்கியது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேளாதபோது கடைசியாகப் பயன்படும் மருந்து அது என்பதால், 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்துவிட்டது. பழைய சரக்கை யாரேனும் நீட்டினால் வாங்காதீர்கள்.

பிரித்த குட்டிகளுக்குத் தீவனத்தில் டன்னுக்கு இரண்டரை கிலோ துத்தநாக ஆக்சைடு கலந்து இரண்டு வாரம் கொடுப்பது பலன் தரும் முறைதான். ஆனால் அந்தத் துத்தநாகத்தில் பெரும்பகுதி சாணத்தோடு நிலத்துக்கே போய்ச் சேர்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் அதனால் பெருகுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனுடன் மருந்தளவில் அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பன்றிச் சாணத்தையே மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லைக்கும் நெல் வயலுக்கும் எருவாக இடும் நாம், வேறு வழி இருக்கும்போது அதைத் தவிர்ப்பதே சரி என்பது என் கருத்து.

ஒன்பதாம் படி: பால் மறக்கடித்தல்

குட்டியின் குடல் இரண்டாம் முறை ஆட்டங்காணும் காலம் இது. தாயைப் பிரிந்த குட்டி ஓரிரு நாள் சரியாகத் தின்னாது. உணவு படாத குடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் சில நாட்களுக்குள் குட்டையாகித் தேய்ந்துவிடும். பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போய் அழுகும். வயிற்றில் பால் சர்க்கரை நொதித்து உண்டான லாக்டிக் அமிலமும் இப்போது இல்லை.

பெரிய பண்ணைகள் 28 நாளில் பிரிக்கின்றன. பால் பொடியும், வேகவைத்த தானியமும் கலந்த விலையுயர்ந்த தீவனம் அவர்களிடம் இருக்கிறது. ஐந்தாறு தாய்கள் வைத்திருக்கும் நம்மைப் போன்றோர் 42 நாளில் பிரிப்பதே மேல். ஆண்டுக்கு எத்தனை ஈற்று என்ற கணக்கில் சிறிது குறையலாம், ஆனால் பிரித்த குட்டி சாகாமல் நிற்கும்.

பத்தாம் நாளிலிருந்தே குட்டித் தீவனத்தைக் கைப்பிடி அளவில், ஒரு நாளில் மூன்று நான்கு முறை, தாய்க்கு எட்டாத தட்டில் வைத்து, மீந்ததை எடுத்துத் தாய்க்குப் போட வேண்டும். பிரிக்கும் நாளில் தாயை வெளியேற்றிவிட்டுக் குட்டிகளைப் பழகிய அதே அறையில் ஒரு வாரம் விட வேண்டும். அந்த வாரத்தில் தீவனத்தை மாற்றக் கூடாது, வேறு ஈற்றுக் குட்டிகளைக் கலக்கக் கூடாது, ஊசி எதுவும் போடக் கூடாது. முதல் மூன்று நாள் தீவனத்தை வெந்நீரில் கூழாகக் கரைத்து, ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். புதிய தீவனத்துக்கு மாறும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதில் கால் பங்கு, அரைப் பங்கு என்று கலந்து மாற்ற வேண்டும்.

எதைப் போடுவது என்றால், நம் கையில் நல்ல பொருள் ஒன்று இருக்கிறது. நன்றாக வேகவைத்த நொய் எளிதில் செரிப்பது, நார் குறைந்தது. அரிசிச் சோறு கலந்த தீவனம் பிரித்த குட்டிகளின் கழிச்சலைக் குறைக்க உதவுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நொய்க் கஞ்சியோடு மாவாக்கிய மக்காச்சோளமும், வறுத்தோ வேகவைத்தோ பதப்படுத்திய சோயாவும், சிறிது பால் பொடியும் சேர்க்கலாம். பச்சைச் சோயா கூடவே கூடாது. அதில் உள்ள பொருள்கள் புரதச் செரிமானத்தைத் தடுக்கும். மொத்தப் புரதம் 18 விழுக்காட்டு அளவில் நின்றால் கழிச்சல் அடங்கியே இருக்கும். வேகமாக வளர வேண்டுமென்று 22, 23 விழுக்காடு கொடுப்பதால் இலாபம் ஈ.கோலைக்குத்தான். சுண்ணாம்புக் கல் தூளையும் இந்த இரண்டு வாரத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் இருக்கும் கொஞ்ச அமிலத்தையும் அது முறித்துவிடும். மாறாக, எலுமிச்சை உப்பு என்று கடையில் கேட்டால் கொடுக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கிலோவுக்கு 10 முதல் 15 கிராம் வரை சேர்ப்பது வயிற்றின் புளிப்பைக் காக்கும். கரடுமுரடான கோதுமைத் தவிட்டைச் சிறிது, நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் சேர்ப்பதும் நன்மையே.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கடலூர் முதுநகர் பக்கம் மலிவாகக் கிடைக்கும் கருவாட்டுத் தூளைக் குட்டித் தீவனத்தில் சேர்க்காதீர்கள். மணலோடு காய்ந்த அதில் உப்பும் சால்மோனெல்லாவும் சேர்ந்து வரும். மழைக்காலத்தில் கட்டிபிடித்த கடலைப் புண்ணாக்கை உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சையாகப் பூஞ்சை தெரியும்; அதன் நஞ்சு குட்டியின் ஈரலையும் எதிர்ப்பாற்றலையும் கெடுக்கும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகலாம், நஞ்சு போகாது.

மோர், புளித்த நீராகாரம், கடையில் விற்கும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடிகள் ஆகியவற்றைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஓரளவு பலன் உண்டு. ஆனால் ஈரத் தரையில் படுத்திருக்கும் குட்டிக்கு மோர் ஊற்றிப் பயனில்லை. ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் அப்பொடியைக் கொடுத்தால், மருந்து அதையும் சேர்த்துக் கொன்றுவிடக்கூடும்.

பத்தாம் படி: தண்ணீர்

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் போர்த் தண்ணீர் கரிப்பது நமக்குப் பழகிவிட்டது; குட்டிக்குப் பழகவில்லை. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 1000 முதல் 3000 வரை பழகாத குட்டிகளுக்கு இலேசான கழிச்சல் வரலாம். 7000ஐத் தாண்டினால் அது பன்றிக்குரிய தண்ணீரே அன்று. கரைந்த உப்பை அளக்கும், சில நூறு ரூபாயில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கிக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பாருங்கள். தொற்றுக்கு, 1000 லிட்டர் தொட்டிக்கு 10 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் மாலையில் ஊற்றி மறுநாள் காலை திறந்துவிடலாம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது கண்டதைப் போன்ற வெள்ளத்துக்குப் பின், மேல்தொட்டியை முழுவதும் கொட்டிக் கழுவாமல் ஒரு சொட்டும் குட்டிகளுக்கு விடக் கூடாது.

பதினோராம் படி: வெளியிலிருந்து வருபவை

புதுச்சேரி விடுதிகளின் மிச்ச உணவை நம்பியே பல பண்ணைகள் நடக்கின்றன. அதைத் தாய்களுக்கும் வளர்ந்தவற்றுக்கும் போடுவதென்றால், கொப்பரையில் இட்டு, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே, குறைந்தது 90 பாகை சூட்டில் ஒரு மணி நேரம் வேகவைத்தாக வேண்டும். மேலே ஆவி பறந்ததும் இறக்கிவிடுவது வேகவைத்ததாகாது. பிரித்து இரண்டு மாதம் ஆகாத குட்டிக்கு வெந்ததும் வேண்டாம். அதன் எண்ணெயும் மசாலாவும் உப்பும் நாளுக்கு நாள் மாறுவதே குடலுக்குப் பகை. பச்சை உணவு வந்த பிளாஸ்டிக் டிரம்மைக் குட்டிகள் இருக்கும் கொட்டகைக்குள் உருட்டிக்கொண்டு போகாதீர்கள். எலி சால்மோனெல்லாவைச் சுமக்கும். தீவன மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். கழிச்சல் உள்ள அறையில் வேலை செய்தவர் சோப்பால் கை கழுவாமல் வீட்டுக் குழந்தையைத் தூக்கக் கூடாது. இந்தப் பாக்டீரியாக்களில் சில மனிதரையும் தாக்கும்.

கடைசியாக, ஈனும் அறைக் கதவில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். தாயின் எண், ஈன்ற நாள், பிறந்தவை, முதல் கழிச்சல் கண்ட நாள், அன்று தரை எப்படி இருந்தது, மழையா வெயிலா, எந்த மூட்டைத் தீவனம், எந்த மருந்து எத்தனை நாள், இறந்தவை எத்தனை என்று ஈற்றுக்கு ஒரு பக்கம் போதும். நான்கு ஈற்றுக்குப் பிறகு அதே தாய்க்கோ, அதே அறைக்கோ, அதே மாதத்துக்கோ கழிச்சல் திரும்பத் திரும்ப வருவது அந்தப் பக்கங்களில் தெரியும்; மருத்துவரிடம் போகும்போது குட்டியோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.